என் மூஞ்சிக்குத் திறக்கிற கணக்கு

இல்லீங்க கண்ணு, கழுத்துச் சுளுக்கெல்லாம் இல்லீங்க. பைத்தியமும் இல்லை. கரூர்ல ஏறுனதுல இருந்து நீங்க என்னையப் பார்க்கறதும் அக்கட்டால திரும்பிக்கறதுமா இருக்கறது எனக்குத் தெரியுது. என்னடா இந்தப் பொம்பளை, போனை மூஞ்சிக்கு நேரா புடிச்சுட்டு இடது பக்கம் திரும்பறா, வலது பக்கம் திரும்பறா, கண்ணைச் சிமிட்டறான்னு. யாருக்குமே அப்புடித்தான் தோணும். போனுல இருக்கற இந்த ஆப்புக் கணக்கு இப்புடித்தாங்க திறக்கும். எம் மூஞ்சியைப் பார்த்தாத்தான் திறக்கும். ஆனா கணக்கு என்னுது இல்லீங்க. எம் மகளுது.

பஸ்சு ஆடுதுங்களா, 'தெளிவாகத் தெரியவில்லை, மீண்டும் முயலவும்'ங்குது. நாலு பேரு பார்க்கப் பார்க்க எத்தனை தடவை திரும்பறது?

எனக்குக் கோபிங்க. கோபிச்செட்டிபாளையம். பேரு தமயந்தி. கச்சேரி வீதியில பியூட்டி பார்லர் வெச்சிருக்கறேன். உங்க புருவம் நெம்ப நல்லா இருக்குதுங்க, யார்கிட்டப் பண்றீங்க? திருச்சியிலயா? அதான். நூலைப் புடிச்ச கை நல்ல கை. மேல மட்டும் கொஞ்சம் அதிகமா எடுத்துட்டாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, மூஞ்சியைப் பார்த்தா எனக்கு வேலைதான் ஞாபகம் வரும்.

நான் குளித்தலையில எறங்கோணும். எறங்கற வரைக்கும் சொல்றேன், கேக்கறீங்களா?

எம் மகளுக்கு இப்ப பதினாலு. இது நடந்தப்பப் பன்னெண்டு முடிஞ்சு பதிமூணு. பேரு வெளிய சொல்லக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டரம்மா கண்டிசனாச் சொல்லியிருக்காங்க. நீங்க யார்கிட்டச் சொல்லப் போறீங்க? சுபிக்‌ஷாங்க. சுபி, சுபின்னு கூப்புடுவோம். பார்லருக்கும் அவ பேருதான்.

போட்டோ, வீடியோ போடற அந்த ஆப்புல எல்லாப் புள்ளைகளும் இருக்குது. இவளும் பொய் வயசு போட்டுத்தான் சேர்ந்திருந்தா. அதெல்லாம் எனக்குத் தெரியும், ஊருல எந்தப் புள்ள நெசமான வயசு போட்டுது? அப்புறம் கம்பெனிக்காரன் புதுசா ஒரு பூட்டுப் போட்டான். பெரியவங்கன்னு காட்டுனாத்தான் முழுசும் திறக்குமாம். இல்லாட்டி, தெரியாதவங்க யாரும் மெசேஜ் அனுப்ப முடியாது, அது தெரியாது, இது தெரியாதுன்னு பாதியை மூடி வெச்சிருவானாம். பெரியவங்கன்னு எப்புடிக் காட்டறது? மூஞ்சியைக் காட்டோணும். அவ்வளவுதான். போனுக்கு முன்னாடி நின்னு ஒரு மூஞ்சி தலையை ஆட்டுனாப் போதும், அது யாரு மூஞ்சின்னு கேக்க மாட்டான்.

அன்னைக்கு நான் ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி போட்டுட்டிருந்தேன். கையெல்லாம் ஈரம். சுபி ஸ்கூல்ல இருந்து வந்தவ, பின்னாடி வந்து எந்தோளு மேல தாடையை வெச்சுக்கிட்டா. அப்புடி வந்து சாஞ்சு எத்தனையோ நாளாச்சுங்க. "அம்மா, இங்க பாரு. திரும்பு. இப்புடித் திரும்பு. கண்ணைச் சிமிட்டு"ன்னா. "என்ன சாமி இது?"ன்னேன். "சும்மாதாம்மா, உன் மூஞ்சியைப் பார்த்து வயசு சொல்லும்"னா. "எத்தனை சொல்லுது?"ன்னு கேட்டேன். போனைப் பார்த்தா, என்னையப் பார்த்தா. "முப்பத்தி ஒண்ணுங்குதும்மா"ன்னா.

எனக்கு அப்பவே நாப்பது தாண்டியாச்சுங்க. கல்யாணப் பொண்ணு, அவ அத்தை, எல்லாத்துகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். எங்கூட்டுக்காரரு வந்தப்ப அவருகிட்டயும் சொன்னேன். ரெண்டு மூணு நாளு அதே பேச்சுத்தான். அந்த மெஷினு வயசெல்லாம் சொல்லவே சொல்லாதுன்னு பின்னாடி இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்க. பெரியவங்க, சின்னவங்க, அவ்வளவுதான் பார்க்குமாம். முப்பத்தி ஒண்ணுங்கறது எம் மக சொன்னதுங்க. எனக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு சொல்லியிருக்கா.

புத்திசாலிங்க அவ. சின்னதுல இருந்தே.

அழகும்தான். பெத்தவ சொல்லக் கூடாது. ஆடி மாசம் பார்லருல ஈ ஓட்டோணும், முகூர்த்தமே இருக்காது. அந்த நேரத்துல அவளை உக்கார வெச்சு மேக்கப் போட்டுப் பழகுவேன். அந்த வருசம் முழுக் கல்யாண அலங்காரம் பண்ணுனேன். நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், ஜடை பில்லை, பட்டுச் சேலை. கண்ணுக்கு நல்லா இழுத்து மை வெச்சேன். உதட்டுக்கு அரக்குச் சிவப்பு. உங்ககிட்டச் சொல்றேன், பெத்த எனக்கே அடையாளம் தெரியலை. இருபது வயசுப் பொண்ணாட்ட நிக்கறா. போட்டோ எடுத்து பார்லர் பேஜில போட்டேன். மகன்னு போடலீங்க, 'எங்கள் மாடல்'னு போட்டேன். அந்த ஒரு போட்டோவுக்கு வந்த கூட்டம் இருக்குதே! யாரு இந்தப் பொண்ணு, யாரு இந்தப் பொண்ணுன்னு சத்தியமங்கலத்துல இருந்து, அந்தியூருல இருந்தெல்லாம் கேக்கறாங்க. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமெல்லாம் எனக்கேதான். அப்புறம் அடிக்கடி போட்டோம். அவ முதல்ல வேண்டாம்னா. அப்புறம் பழகிட்டா.

ஆனா பாருங்க கண்ணு, இத்தனை பெரிய கம்பெனி. உலகத்துல இருக்கற மூளைக்காரனெல்லாம் அங்கதான் இருக்கறானாம். ஒரு குழந்தைக்கும் பெரிய மனுசிக்கும் வித்தியாசம் தெரியாதா அவிங்களுக்கு? அந்த வயித்தெரிச்சலைத்தான் நான் யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாமச் சுத்தறேன்.

பூட்டுத் திறந்தாச்சுங்களா. திறந்த வழியாத்தான் வந்துச்சு அது. ரோஷிணின்னு பேரு. பொம்பளைப் போட்டோ. சென்னையில விளம்பரத்துக்கு மாடல் எடுத்துக் கொடுக்கறவங்கன்னு சொல்லியிருக்குது. எங்க பேஜைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்னு சொல்லியிருக்குது. அக்கா, அக்கான்னு இவளும் பேசியிருக்கா. சாப்புட்டியா, பரீட்சை எப்புடிப் பண்ணுனே, உங்கம்மா உன்னையத் திட்டுனாங்களா, இப்புடியே நாலஞ்சு மாசம். நான் கேக்காததையெல்லாம் அது கேட்டிருக்குதுங்க. அப்புறம் அளவு பார்க்கோணும்னு போட்டோ கேட்டிருக்குது. அப்புறம் வேற மாதிரி போட்டோ. அது கைக்குப் போனதும் பேச்சு மாறிருச்சு. இன்னும் அனுப்பு, இல்லீன்னா ஸ்கூலுக்கு அனுப்புவேன், உங்கப்பன் கடைக்கு அனுப்புவேன். ஒருக்கா குரல் அனுப்பியிருக்குது. ஆம்பளைக் குரலு.

போதுங்க. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? புள்ள மூஞ்சியைக் கழுவிக்கிட்டே இருந்தா. சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு, கன்னமெல்லாம் தோலு உரிஞ்சு கெடக்குது. நான் என்ன பண்ணுனேன்? "இப்புடியெல்லாம் தேய்க்கக் கூடாது சாமி, ஸ்கின்னு கெட்டுரும்"னு கத்தாழை தடவி விட்டேன். ஒரு நாளு கத்திரிக்கோலை எடுத்துத் தலைமுடியைக் கன்னாபின்னான்னு வெட்டிக்கிட்டா. வெச்சு ஒரு அறை விட்டேன். அடுத்த வாரம் ஒரு போட்டோ எடுக்க வேண்டியதிருந்துச்சு, அந்தக் கோவம்.

அதுக்கு ரெண்டு நாளு கழிச்சு ஸ்கூலுக்குப் போனவ ஸ்கூலுக்குப் போகலை. வாய்க்காக் கரையில உக்கார்ந்திருந்தாளாம். தண்ணி நெறையப் போற நேரம். துணி துவைச்சுட்டிருந்த ஒரு அம்மா சந்தேகப்பட்டுப் பேச்சுக் கொடுத்துருக்காங்க. இவ எந்திரிச்சுத் தண்ணியில நடக்கப் போயிருக்கா. அந்தம்மா சேலையைத் தூக்கிச் செருகிட்டு எறங்கி இழுத்துப் போட்டுட்டாங்க. நல்லா இருக்கோணும் அவிங்க.

உசுரு இருக்குதுங்க. கும்புடற சாமி காப்பாத்துச்சு. தாராபுரத்துல எந்தங்கச்சி வீட்டுல இருக்கறா. அங்கயே ஸ்கூலுக்குப் போறா. டாக்டரம்மாகிட்டயும் கூட்டிட்டுப் போறாங்க. இப்பச் சிரிக்கறாளாம். எந்தங்கச்சி சொல்றா. நான் பார்க்கலை. நான் போனா ரூமுக்குள்ள போயிடறா. ஒருக்கா கதவுக்கு அக்கட்டால நின்னுட்டுப் பேசுனா, "அம்மா, நீ பேசு, நான் கேக்கறேன், உள்ள மட்டும் வராதே"ன்னு. எம் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறாங்க. வெக்கம் அவளுக்கு. அம்மா மூஞ்சியில எப்புடி முழிக்கறதுன்னு வெக்கம். வேற என்ன இருக்கப் போகுது?

புகார் கொடுத்தோம். இன்ஸ்பெக்டரம்மா நல்லவங்க. கேசு போட்டாங்க. அவனை இன்னும் புடிக்கலை, விவரம் கம்பெனிகிட்டத்தான் இருக்குது. கம்பெனி எங்க இருக்குது? எங்கயோ இருக்குது. வக்கீல் தம்பி ஒண்ணு வெச்சு எழுதிக் கேட்டோம். மாசக்கணக்காச் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பதில் வந்துச்சு. வக்கீல் தம்பி தமிழ்ல படிச்சுச் சொன்னான். அந்தக் கணக்கு வெச்சிருக்கறவங்க வயசு வந்தவங்கன்னு அவிங்க சோதனையில உறுதியாயிருச்சாம். குழந்தைகளுக்கு உண்டான பாதுகாப்பு இதுக்குப் பொருந்தாதாம்.

"அப்புடின்னா என்ன தம்பி?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அவங்க ரிக்கார்டுல அந்தக் கணக்கு உங்களுதுங்க அக்கா. மூஞ்சி உங்களுது. அவன்கிட்டப் பேசுனது நீங்கதான்னு ஆகுது"ன்னான்.

நானாம்! அஞ்சு மாசம் அவன்கிட்டப் பேசுனது நானாம். பயந்தது நானாம். போட்டோ அனுப்புனது நானாம். நாப்பது வயசுப் பொம்பளை தானா விரும்பிப் பண்ணுனதுன்னு ஆயிப் போச்சு. எம் மக அங்க இல்லவே இல்லீங்க கண்ணு. அவளுக்கு ஒண்ணுமே நடக்கலை. சுபின்னு ஒரு குழந்தை அவிங்க கணக்குல பொறக்கவே இல்லை.

அன்னைக்குத்தான் முதல் முதலா இதைத் திறந்தேன். வக்கீல் தம்பிதான் சொன்னான், சாட்சிக்கு வேணும், மூடிறாதீங்க, எல்லாத்தையும் காப்பி எடுத்துக்கலாம்னு. புகார் போனதுல இருந்து ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் மூஞ்சி கேக்குது. காட்டுனேன். திறந்துச்சு. எம் மக உள்ள இருக்கறாங்க.

இல்லை, நீங்க அப்புடிப் பார்க்காதீங்க. பேயி பிசாசுன்னு நான் சொல்ல வரலை. அவ பார்த்த வீடியோவையெல்லாம் அந்த ஆப்பு ஞாபகம் வெச்சிருக்குது. அவ என்னைக்கோ ஒரு புள்ள அழுகறதைப் பார்த்து நின்னிருக்கா. அதைப் புடிச்சுக்கிட்டு, இவளுக்கு அழுகைதான் புடிக்கும்னு அது முடிவு பண்ணிருச்சு. திறந்தா அழுகை. தள்ளுனா அழுகை. முடியை வெட்டிக்கற புள்ளைக. கண்ணாடியை உடைக்கற புள்ளைக. தண்ணி ஓரத்துல உக்கார்ந்திருக்கற புள்ளைக, பின்னாடி பாட்டு. நான் கத்தாழை தடவிட்டிருந்த நேரத்துல இதுதான் அவளுக்குப் பக்கத்துல உக்கார்ந்து சோறு ஊட்டியிருக்குது. நடுவுல நரைமுடிச் சாயம், முட்டிவலித் தைலம்னு விளம்பரம். அது எனக்கு. அப்புறம் மறுபடியும் அழுகை. அது அவளுக்கு. நாங்க ரெண்டு பேரும் யாரு எவருன்னு தெரியாம ஒண்ணாக் கலந்து கெடக்கறோம் அதுக்குள்ள.

பொறந்தநாளு என்னுதைக் கொடுத்திருக்கா. போன மாசம் எம் பொறந்தநாளுக்கு வீட்டுல ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. இது திறந்ததும் பலூனெல்லாம் பறக்குது. 'இனிய பிறந்தநாள், சுபி'ன்னு.

காப்பியெல்லாம் எடுத்தாச்சு, இனி மூடிக்கலாம்னு வக்கீல் தம்பி சொல்லி நெம்ப நாளாச்சுங்க. எங்கூட்டுக்காரரு அந்தப் போனையே சுவத்துல அடிச்சு உடைச்சாரு. நான் எம் போனுல போட்டு வெச்சுக்கிட்டேன். நாளைக்கு ஏதாச்சும் தேவைப்படுமில்லீங்களா? சோறு வெந்துட்டிருக்கறப்ப ஒருக்கா, ஆளு இல்லாதப்ப ஒருக்கா பார்ப்பேன். அவ்வளவுதான். தாராபுரத்துல கதவைச் சாத்திக்கறா. இங்க சாத்த மாட்டேங்கறா.

மாயனூர் போயிருச்சா? சரி, இன்னும் நேரமிருக்குது.

இந்த மாசந்தாங்க, இந்தக் கணக்குக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. வர்ணிகான்னு ஒரு புள்ள. 'அக்கா, ரோஷிணி அக்கா பிரெண்ட்ஸ் லிஸ்ட்ல உங்க பேரைப் பார்த்தேன். நீங்க அவங்ககிட்ட மாடலிங் பண்றீங்களா? உங்க போட்டோ அனுப்புனாங்க. சூப்பரா இருக்கீங்க. அவங்களை நம்பலாமா?'ன்னு. கூடவே ஒரு போட்டோ. எம் மக. நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், அரக்குச் சிவப்பு உதடு. நான் பண்ணுன அலங்காரம்! எங்க பேஜில இருந்து திருடி, இந்தப் பொண்ணு என்கிட்டத்தான் இருக்கறான்னு காட்டி அடுத்த புள்ளையைப் புடிக்கறான் அந்த நாயி. பேருகூட மாத்தலை பாருங்க, அத்தனை தைரியம்.

உடனே புகார் பொத்தானை அமுக்குனேன். பார்லருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பதில் வந்துருச்சு. 'எங்கள் விதிகளை மீறும் எதுவும் காணப்படவில்லை. தங்கள் அனுபவத்தை மேம்படுத்த உதவியதற்கு நன்றி.' அனுபவமாம்.

சரி, அந்தப் புள்ளைக்குப் பதில் போடலாம்னு உக்கார்ந்தேன். 'பாப்பா, நான் சுபியோட அம்மா'ன்னு எழுதுனேன். அப்புறம் அழிச்சுட்டேன். எந்தப் புள்ள அம்மாக்காரிகிட்டப் பேசும்? 'ஹாய் வர்ணி'ன்னு போட்டேன். சுபி எப்புடி எழுதுவான்னு எனக்குத் தெரியுமே, அஞ்சு மாசத்துப் பேச்சும் என்கிட்ட இருக்குதே. அவளாட்டவே எழுதுனேன். சிரிக்கற பொம்மை, இருதயம் எல்லாம் போட்டேன். நல்லாப் பேசுதுங்க அந்தப் புள்ள. சாப்புட்டியா, பரீட்சை எப்புடிப் பண்ணுனே, உங்கம்மா திட்டுனாங்களான்னு தினமும் கேப்பேன். அப்புடியே கொஞ்சம் கொஞ்சமா விசயம் வாங்குனேன். குளித்தலை. ஏழாவது படிக்குது. அப்பாவோட பழைய போனு. அவனுக்கு இன்னும் ஒண்ணும் அனுப்பலை, ஆனா கேட்டுட்டே இருக்கறான். 'நேருல வந்து உனக்கு எல்லாம் சொல்றேன், பஸ் ஸ்டாண்டுக்கு வா, உங்கம்மாகிட்டச் சொல்லாதே, சொன்னா போனைப் புடுங்கிருவாங்க'ன்னு எழுதுனேன். சரிங்கக்கான்னுச்சு. இன்னைக்கு ஸ்கூலு லீவு. அதான் போயிட்டிருக்கறேன்.

ஏனுங்க அப்புடிப் பார்க்கறீங்க?

நான் பொம்பளைங்க. எத்தனை புள்ளைகளுக்குப் பொட்டு வெச்சு அனுப்புனவ. நல்லதுக்குத்தானே போறேன்? இன்ஸ்பெக்டரம்மாகிட்டச் சொல்லலையான்னா, சொல்லலாம்தான். அவிங்க ஜீப்புல போயி எறங்குனா அந்தப் புள்ள மெரண்டுரும். இப்ப என்னைய நம்புது. என்னையன்னா, சுபியை.

இருங்க, இருங்க, இந்தா திறந்துருச்சு, அந்தப் புள்ளதான் மெசேஜ் போடுது. அதுக்குத்தான் இத்தனை தடவை மூஞ்சி காட்டிட்டிருந்தேன். 'அக்கா, பஸ்சு எங்க வருது?' பார்த்தீங்களா, எத்தனை ஆசை. 'அக்கா, கிளம்பறதுக்கு முன்னாடி வீடியோ கால் பண்றேன். உங்க மூஞ்சியை ஒருக்கா பார்க்கோணும். நீங்க நெசமாவே நீங்கதானான்னு.'

அய்யோ.

கெட்டிக்காரப் புள்ளைங்க இது. கம்பெனிக்காரனுக்குத் தோணாதது இதுக்குத் தோணிருச்சு.

கண்ணு, உங்களுக்கு என்ன வயசு? இருபத்தி ஒண்ணா, இருபத்தி ரெண்டா? அந்தப் போட்டோவுல சுபி உங்களாட்டத்தான் இருப்பா. ஒரு நிமிசம் நீங்க பேசறீங்களா? 'நான்தான் சுபி, பஸ் ஸ்டாண்டுக்கு வா'ன்னு ஒரே வார்த்தை. துப்பட்டாவை இப்புடித் தலையில போட்டுக்கிட்டா... ஏனுங்க? என்ன தப்பு? உங்களுக்கு ஒண்ணும் வந்துராது. ஒரு மூஞ்சிதானே கேக்கறேன்?

சரி. சரிங்க. நீங்க சொல்றது புரியுது.

என்னுதையா? எம் மூஞ்சியையா காட்டச் சொல்றீங்க? எம் மகளே பார்க்க மாட்டேங்கறாளே கண்ணு இதை. வேத்துப் புள்ள, மெரண்டு போயிப் போனை வெச்சுருச்சுன்னா? அப்புறம் இந்த வழியும் அடைஞ்சு போயிரும். அவன்கிட்டயே போயிருங்க அது.

அடிக்குதுங்க. வீடியோ கால். இதைச் சித்தப் புடிங்களேன். இல்லை, வேண்டாம், நானே புடிச்சுக்கறேன். எதை அமுக்கோணும்? பச்சைதானே?

சாமி... வெச்சுறாதே. வெச்சுறாதே சாமி. நான் சுபி இல்லை. அவங்கம்மா. பஸ்சுக்குள்ள இருக்கறேன், பாரு, ஆமா. நான்தான் உன்கிட்டப் பேசிட்டிருந்தேன். எல்லாம் நான்தான். பொய்தான் சொன்னேன். அழுகாதே. நல்லாப் பாரு என்னைய. எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. அந்த ரோஷிணி பொம்பளை இல்லை சாமி, ஆம்பளை. எம் புள்ளையை வாய்க்கா வரைக்கும் கொண்டு போயிட்டான். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். யாரு கூப்புட்டாலும் எங்கயும் போக வேண்டாம். நான் கூப்புட்டாலும்.

உங்கம்மா எங்க? சமையக்கட்டுலயா? திட்டுனாத் திட்டட்டும். போனை எடுத்துட்டு அப்புடியே நட. நிறுத்தாதே. நான் கூடவேதான் வர்றேன், நட.

நடக்குதுங்க கண்ணு. படமெல்லாம் ஆடுது. சுவரு தெரியுது. காலண்டர் தெரியுது. குக்கர் சத்தம் கேக்குது. அந்தா, ஒரு அம்மா முதுகைக் காட்டிட்டு என்னமோ அரிஞ்சுட்டு நிக்கறாங்க.

கூப்புடு சாமி. இன்னும் சத்தமா, அம்மான்னு கூப்புடு.

திரும்பறாங்க.